சம்பத் காட்டிய வெளிச்சம்

போன வாரம் மழையில் ஆரணி பஸ் நிலையத்துக்கு எதிரே நின்றிருந்தேன். சாரலுக்காகக் குடையை முன்னால் சாய்த்திருந்ததால் கண்ணுக்கு நேரே கறுப்புத் துணிதான். தூரத்தில் ஒரு பைக் திரும்பியது. அதன் விளக்கு துணி வழியாக ஒற்றைப் பொட்டாகத் தெரியவில்லை. நடுவில் ஒன்று, நாலு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் என்று கூட்டல் குறி போட்டிருந்தது. ஓரங்களில் சிவப்பு, நீலம். வேறு யாராவது பார்த்திருந்தால் ரசித்திருப்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது. காரம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லி வருஷமாகிறது. ஆனால் இந்த எரிச்சலுக்குக் காரணம் மிளகாய் இல்லை, சம்பத்.

நீங்கள் அவனைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் உங்களுக்கும் பிடித்துப்போயிருக்கும், அதுதான் கஷ்டமே. எண்பதுகளின் தொடக்கம். நானும் அவனும் வேலூரில் ஒரே வகுப்பில் பௌதிகம் படித்து, அரசு வேலை கிடைக்காமல், ஆரணிக் கடைத்தெருவில் ஒரு மாடி ட்யூட்டோரியலில் வாத்தியார்களாகச் சேர்ந்தோம். ப்ளஸ் டூவில் கோட்டை விட்ட பிள்ளைகளைக் கரையேற்றுவது வேலை. காலை வகுப்பு எனக்கு, மாலை வகுப்பு அவனுக்கு. சாயங்காலம் சினிமாவுக்குப் போகலாமே என்று நான்தான் காலையைக் கேட்டு வாங்கினேன். இருட்டு அவன் பக்கம் போய்விட்டது என்று அப்போது தெரியவில்லை.

விளிம்பு விளைவு என்று ஒரு பாடம். ஒரு பொருளின் ஓரத்தை ஒட்டிப் போகும் வெளிச்சம் நேராகப் போகாமல் நிழலுக்குள்ளும் கொஞ்சம் வளைந்து பரவுகிறது, ஆகவே அது அலை என்பது சாரம். நான் போர்டில் படம் போட்டு, சமன்பாடு எழுதி, ஒப்பிக்க வைத்து முடித்துவிடுவேன். சம்பத் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு ஓட்டிக்கொண்டு போய், ஒரு பட்டுத் துணியைக் கொடுத்து, தெருக்கோடி பாதரச விளக்கை அதன் வழியாகப் பார்க்கச் சொன்னான். கலர் கலராகப் பொட்டுகள். முள்ளிப்பட்டுத் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் உடனே, "சாயம் சார் இது. நீட்டுப் பாவு நூலு ஒரு கலரு, குறுக்கால ஓடுற ஊடை ஒரு கலரு, அதான் மின்னுது" என்றானாம். பட்டு நெய்யும் எங்கள் ஊரில் துணியில் நிறம் தெரிந்தால் வேறு என்ன நினைப்பார்கள்?

சம்பத் சிரித்துக்கொண்டே சாயம் ஏற்றாத வெள்ளைப் பட்டுத் துண்டு ஒன்றை நீட்டினான். அதிலும் அதே நிறங்கள். "இதுல சாயமே இல்லியே, அப்போ கலரு எங்கேர்ந்து வந்துது? வெளிச்சம் கல்லு மாதிரி வந்தா நேரா வந்து வுழும். இது ஏரித் தண்ணி மாதிரி. கம்பத்த சுத்திகினு போயி அந்தாண்ட ஒண்ணு சேரும். சேர்ற எடத்துல பொட்டு, ஒண்ண ஒண்ணு அழிச்சிக்கிற எடத்துல இருட்டு. செவப்பு ஜாஸ்தி வளையும், நீலம் கம்மி. அதான் கலரு."

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் வகுப்பிலிருந்து அவன் வகுப்புக்கு முதலில் மாறிப்போனது என் சொந்தத் தங்கை கமலா. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கடைசியில், "கோச்சிக்காதணா. நீ சொன்னா மனப்பாடம் ஆவுது. அவரு சொன்னா தெரியுது" என்றாள். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் அவனிடம் எதைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சட்டைக் காலர், அவன் கையெழுத்து, டீக்கடைக்காரர் அவனுக்கு மட்டும் கேட்காமலே போட்டுக்கொடுக்கும் ஸ்ட்ராங் டீ. மாலையில் கரண்ட் போக வேண்டும் என்று படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அம்மனும் இரங்கினாள். தெரு முழுக்க இருட்டு. சம்பத் அசரவில்லை, வேலூர் ரோட்டில் லாரி வரும்வரை காத்திருந்து அதன் விளக்கைக் காட்டினானாம். லாரிக்கு இரண்டு விளக்கு, ஆகவே இரண்டு கூட்டல் குறி. பிள்ளைகள் போட்ட கூச்சல் என் வீடு வரை கேட்டது.

இந்த நேரத்தில்தான் ட்யூட்டோரியல் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "காலைல நாலு பேருதான் வர்றாங்க. ரெண்டு பேட்சையும் ஒண்ணா சேத்துடலாம்னு பாக்கறேன். பௌதிகத்துக்கு ரெண்டு வாத்தியாரு இன்னாத்துக்கு?" யார் போக வேண்டியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அவனிடம் ஒரு தப்பாவது கண்டுபிடித்தாக வேண்டும் என்று அலைந்தேன். அதற்குள் பிள்ளைகள் அவரவர் வீட்டுப் பட்டைக் கொண்டுவந்து, யார் வீட்டுத் துணியில் பொட்டுகள் தள்ளித் தள்ளி விழுகின்றன என்று போட்டி போட ஆரம்பித்திருந்தார்கள். இழை நெருக்கமாக இருந்தால் பொட்டுகள் அதிகம் விலகும் என்று சம்பத் சொல்லியிருந்தானாம். மாட்டினான் என்று துள்ளினேன். நெருங்கிய இழைக்கு நெருங்கிய பொட்டுதானே வரும்? அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் கமலாவை எங்கள் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு கையில் என் வேட்டி, ஒரு கையில் அம்மாவின் கல்யாணப் பட்டு.

தெருவிளக்கைப் பார்த்தபோது வேட்டியில் பொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பட்டில் விலகி நின்றன.

"இன்னாணா, யாரு சொன்னது சரி?" என்றாள் கமலா.

நான் போர்டில் எழுதி எழுதிச் சாக்பீஸைத் தேய்த்த அந்தச் சமன்பாட்டிலேயே அது இருந்தது. இழை இடைவெளி பின்னத்தின் கீழே இருக்கிறது, அது குறைந்தால் விலகல் கூடும். எத்தனை முறை எழுதியிருக்கிறேன், ஒரு முறையும் பார்த்ததில்லை. அதுவரை அவன் மாணவர்கள்மேல் இருந்த பொறாமை அன்றைக்கு அவன் கண்கள்மேல் திரும்பியது. அது இன்னும் மோசம்.

முதலாளி முடிவு சொல்வதற்குள் சம்பத்துக்குத் தேசூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை வந்துவிட்டது. போகிற நாளில் முதலாளியிடம், "இவன வெச்சிக்கங்க சார், நல்லா நடத்துவான்" என்று எனக்காகச் சிபாரிசு வேறு. அந்த வெள்ளைப் பட்டுத் துண்டை என் பையில் திணித்து, "நீ வெச்சிக்கடா" என்றான். தோற்றுப்போயிருந்தானானால் என் மனசு ஆறியிருக்கும். படுபாவி, ஜெயித்துவிட்டு இடத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போனான். மாலை வகுப்பில் அதே துண்டை வைத்து அதே விளக்கைக் காட்டினேன். கமலா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுணா" என்றாள். அந்த 'தான்' இன்னும் குத்துகிறது.

இப்போது அந்த மாடியில் செல்போன் கடை. பாதரச விளக்கு இருந்த கம்பத்தில் எல்இடி விளக்கு. பட்டுத் துண்டை எடுத்துப் பார்த்தேன். ஒரே விளக்கில் பல புள்ளிகள் எரிவதால் பொட்டுகள் கலைந்து மங்கித்தான் தெரிகின்றன. அன்றைக்குக் குடையில் பார்த்ததைச் சென்னையில் இருக்கும் கமலாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அட, வேட்டியையும் பட்டையும் வெச்சி சம்பத் சார் காட்டுனாரே, அதுதான?" என்றாள்.

மாடியில் அவளுக்கு அதைக் காட்டியது நான். நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமாம்மா, அவன்தான்."

"எப்படிக்கிறாரு?"

"போன தை மாசம் போயிட்டான்மா."

அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ இனிமே யாரப் பாத்துணா நீ வயிறெரிவ?"