அக்கா சேர்த்த ரத்தம்

என் அக்கா கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவள். எங்கள் ஊரில் பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைகள் ஏன் இத்தனை பேர் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொடுப்பது காரணமா என்று பார்க்க வேண்டும். வீடு வீடாகப் போய், கெஞ்சிக் கூத்தாடி ரத்தம் வாங்கி, ஆய்வகக் குளிர்பெட்டியில் சேர்த்தாள். தன் கல்யாணத்தைக்கூட அதற்காகத் தள்ளிப்போட்டவள்.

ஒருநாள் வகுப்பில் அதைப் பேசிவிட்டாள். மறுநாளே எங்கள் சாதிச் சங்கத் தலைவர் கல்லூரி வாசலில் மைக் பிடித்தார். "நம்ம ரத்தம் கெட்ட ரத்தமாம்! மாமன் மகள கட்டினது தப்பாம்!" தேர்தல் நேரம். அமைச்சரும் வந்து கை தட்டிவிட்டுப் போனார்.

கல்லூரி முதல்வர் தடை எதுவும் போடவில்லை. அதற்கும் முதுகெலும்பு வேண்டுமே. "கொஞ்ச நாள் அடக்கி வாசிங்கம்மா" என்று இளித்துக்கொண்டே ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார். விடுமுறை முடிந்து திறந்தால், குளிர்பெட்டியின் பிளக் பிடுங்கிக் கிடந்தது. சேர்த்த ரத்தமெல்லாம் கெட்டு நாறியது. யார் செய்தது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. "நீங்க சொன்னது சரிதான் மேடம்" என்று அக்காவிடம் காதோடு காதாகச் சொன்ன சக ஆசிரியர்கள், அவளுக்கு எதிராகச் சங்கம் கொடுத்த மனுவில் முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார்கள். த்தூ!

தேர்தல் முடிந்தது. ஒரு மத்தியானம் அதே தலைவர் எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார்.

"என் பொண்ண எங்க அக்கா பையனுக்குப் பேசி முடிச்சிருக்கோம்மா. அவன் தம்பிக்குக் காது கேக்காது. நீங்க ரத்தம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க. வெளிய தெரிய வேணாம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் செருப்பைக் கழற்றியிருப்பேன். அக்கா கையமர்த்தினாள்.

"உங்க அக்கா வீட்டு ரத்தமும் அந்தப் பெட்டியிலதாங்க இருந்துச்சு. எல்லாம் போச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க, பார்த்துச் சொல்லுவாங்க."

"ஐயோ, அங்க நம்ம ஆளுங்க பார்த்துட்டா என்னையே கிழிச்சிடுவாங்களே!"

வளர்த்த கடா மார்பில் பாயும் என்று பயம். வந்த வழியே நழுவினார். ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை.

அடுத்த மாதம் தலைவர் வீட்டுக் கல்யாணம் நடந்தது. கல்லூரி முதல்வர் முதல் வரிசையில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கேட்டுவிட்டு வந்து அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன்.

"அதெல்லாம் விடுடா" என்றாள். "அந்தப் பொண்ணுகிட்ட யாராவது சொன்னாங்களா?"