பத்துக் கணினிக்கு ஒரு பெட்டி

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். பல்கலைக்கழகம் ஒன்றின் வடிவமைப்புப் பாடநெறிக்காகக் மலையகத்துக் கொட்டகலையில் ஓர் அறை எடுத்தார்கள். அங்கே பத்துக் கணினிகளுக்கு வயர் இழுத்து, ஒரு சர்வரோடு இணைத்தவன் நான். எல்லோருடைய வரைபடங்களும் அந்த ஒரே பெட்டிக்குள். யாருடையதையும் யாரும் திறந்து பார்த்துக் கற்கலாம்; ஆனால் உரியவரைக் கேட்காமல் தன் கணினிக்குப் பிரதி எடுத்தால் அந்தப் பாடத்தில் பூச்சியம். பாடம் நடத்தியவனும் சட்டம் போட்டவனும் நானே. தினமும் ஒருமுறை அதைச் சொல்லி மிரட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து மாணவி ஒருத்தி, தலையை அழுத்தாத பட்டியோடு கொழுந்துக் கூடை ஒன்றை வடிவமைத்திருந்தாள். அவளுடைய அம்மாவின் கழுத்து வலியில் பிறந்த யோசனை. இறுதி வேலை அது. மறுநாள் காலை அது கொழும்புக்குப் போய்ச் சேராவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் வீண்.

அன்று மத்தியானம் மலைக்குப் பின்னால் இடி உறுமியது. அறையைக் கூட்டும் அக்கா ஓடிவந்து, இருந்த பிளக்குகளையெல்லாம் பிடுங்கிவிட்டார். அந்த மாணவி தன் வேலையைச் சேமித்துக்கொண்டிருந்த நேரம்.

"இடி இடிச்சா டீவி வயரக்கூட லயத்து வீட்டுல விட்டு வைக்க மாட்டோம் சேர். நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

பிழை அவர்மேல் இல்லை; சர்வரில் இருந்தவற்றுக்குத் தனிப் பிரதி எடுத்து வைக்காதவன் நான். பிரதி எடுக்காதே என்று ஊரை மிரட்டத்தான் தெரிந்தது.

மறுபடி இயக்கியபோது மற்றவை தப்பியிருந்தன. அவளுடைய கோப்பு மட்டும் திறக்கவில்லை. அவள் அழாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி மேசை மாணவன் எழுந்தான். முதலிடத்துக்கான போட்டியில் அவனுக்கும் அவளுக்கும் மாதக்கணக்காகப் பேச்சில்லை.

"சேர், எங்கிட்ட இருக்குங்க. காலையில காப்பி எடுத்தேன். பட்டிய எப்படி வளைச்சிருக்காங்கன்னு பாக்கத்தான்…"

அறையே என்னைப் பார்த்தது. பூச்சியம் போடாவிட்டால் நாளை என் சட்டத்தை யார் மதிப்பார்கள்? போட்டால், உண்மை சொன்னதற்குத் தண்டனை. வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நான்தான் எடுத்துக்கச் சொன்னேன், சேர்."

பச்சைப் பொய். அவன் வாய் பிளந்து நின்றான்.

"அப்படின்னா சரி" என்றேன், முகத்தை முடிந்தவரை கடுமையாக வைத்துக்கொண்டு.

அவன் தன் நாற்காலியை இழுத்துப்போய் அவளருகே போட்டான். காலைக்குப் பிறகு அவள் செய்த திருத்தங்களை, மாலைவரை இருவருமாக மறுபடி வரைந்தார்கள்.