பெயர் நீக்கம்

நான் என் கணவரோடுதான் குடும்பம் நடத்துகிறேன் என்பதை ஒரு வெளிநாட்டு அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. என் மாமியார்கூட இந்த அளவுக்குத் துருவிக் கேட்டதில்லை.

அந்த நாட்டில் குடியேறுவதற்குப் பாயிண்ட் வேண்டும். வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, வேலை அனுபவத்துக்கு இவ்வளவு, ஆங்கிலத்துக்கு இவ்வளவு என்று ஆளைத் தனித்தனியாகப் பிரித்து எடை போடுவார்கள். பெண் பார்க்க வருகிறவர்களாவது காபி குடித்துவிட்டுக் கேட்பார்கள். இவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கேட்கிறார்கள்.

விண்ணப்பம் என் பெயரில். துரைப்பாக்கத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மற்றவர்கள் எழுதுவதில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டிலும் அதைத்தான் செய்கிறேன் என்பார் என் கணவர். என் பாயிண்ட் மட்டும் போதவில்லை. அவருடைய படிப்பையும் வேலையையும் சேர்த்தால் தட்டுத் தடுமாறிக் கோட்டைத் தாண்டிவிடலாம். ஆனால் வருகிற பிறந்தநாளோடு வயதுக்கான பாயிண்ட் குறைந்துவிடும். அதற்குள் விண்ணப்பம் போகவில்லையென்றால் அவ்வளவுதான், சேலையூரிலேயே கிடக்க வேண்டியது. பிறந்தநாளைப் பார்த்து இந்த அளவுக்குப் பயந்தது அந்த வருடம்தான்.

எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில மீடியம் படித்தவள், ஆபீசில் நாள் முழுக்க ஆங்கிலத்திலேயே சண்டை போடுகிறவள், எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஒரு பரீட்சை எழுதி நிரூபித்தேன். பேச்சுத் தேர்வில் உங்களுக்குப் பிடித்த ஒரு பூங்காவைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். எங்கள் ஏரியா பூங்காவில் துருப்பிடித்த உடற்பயிற்சிக் கருவிகளும் நான்கு நாய்களும்தான் உண்டு. நான் ஏரி, வாத்து, வசந்தகாலம் என்று வாய்க்கு வந்தபடி அளந்துவிட்டேன். நல்ல மதிப்பெண் போட்டார்கள்.

எங்கள் ஆவணங்களைச் சரிபார்த்தவர் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த கன்சல்டன்ட். சுவர் முழுக்கப் பனிமலைப் படங்கள். அவர் இதுவரை எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. தான் இருந்த இடத்தில் இருந்துகொண்டே ஊரையெல்லாம் அனுப்பி வைக்கிற புண்ணியவான். எங்கள் ஃபைலைப் புரட்டியவர் பாதியில் நிறுத்தி எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தார்.

“மேடம், உங்க ஆதார் பள்ளிக்கரணை. பாஸ்போர்ட் பள்ளிக்கரணை. பேங்க்கும் பள்ளிக்கரணை. சாருக்கு எல்லாமே சேலையூர். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே இருக்கீங்க?”

“சேர்ந்துதான் இருக்கோம். இதோ பக்கத்துல உட்கார்ந்திருக்காரே.”

“எனக்குத் தெரியுது மேடம். பேப்பருக்குத் தெரியணும்ல?”

சேலையூர் வந்ததும் அவர் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார்; கல்யாணமாகி ஆறு வருடத்தில் நான் எந்த அட்டையிலும் முகவரியை மாற்றவில்லை. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் யாரும் மாற்றுவதில்லை. வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. அப்புறம் ஓனருக்கு மகன் வருவான், இல்லையென்றால் மனசு மாறும். அந்த வீட்டை நம்பி எவர் ஆதாரை மாற்றுவார்? எங்கே குடியிருந்தாலும், சொந்த வீடாக அப்பா வீடு எது இருக்கிறதோ அதுதான் முகவரி. மேடவாக்கம், கோவிலம்பாக்கம், செம்பாக்கம், இப்போது சேலையூர் என்று வீடு வீடாக மாறினாலும் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் பள்ளிக்கரணையில் அப்பா வீட்டு மாடியறையை விட்டு நகரவேயில்லை.

கல்யாணப் பதிவுச் சான்றிதழைக் காட்டினேன். கல்யாணம் ஆனதற்குத்தான் அது சாட்சி, சேர்ந்து வாழ்வதற்கு அல்ல என்றார் கன்சல்டன்ட். தத்துவம்.

நாங்கள் இருவரும் மட்டும் இருக்கிற போட்டோக்கள் கேட்டார். ஆல்பத்தை எடுத்துப் பார்த்தோம். மேடையில் எங்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் யாராவது ஒரு பெரியம்மா நிற்கிறார். திருப்பதியில் எடுத்ததில் ஒரு குடும்பமே நடுவில் நிற்கிறது, அவர்கள் யாரென்றே தெரியாது. கொடைக்கானல் படங்களில் அவர் இருக்கும்போது நான் இல்லை, நான் இருக்கும்போது அவர் இல்லை, ஏனென்றால் ஒருவரை ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு படத்தில் இருவரும் தனியாக இருந்தோம். அதில் இருவரும் வேறு வேறு திசையில் முறைத்துக்கொண்டிருந்தோம்.

அக்கம்பக்கத்தாரின் கடிதம் ஒன்றும் வேண்டும் என்றார். கீழ்வீட்டு ஓனரம்மாவைக் கேட்டேன்.

“அதுக்கு இன்னாம்மா, எழுதித் தரேன்,” என்று உடனே பேனாவை எடுத்தார். தமிழில் அழகான கையெழுத்து. ‘இவர்கள் இருவரும் என் வீட்டு மாடியில் கணவன் மனைவியாகக் குடியிருக்கிறார்கள். தினமும் சண்டை போடுவது கீழே கேட்கும். மற்றபடி நல்லவர்கள்.’ எங்கள் ஃபைலிலேயே நம்பத் தகுந்த ஆவணம் அதுதான். கன்சல்டன்ட் இரண்டாம் வரியை எடுக்கச் சொன்னார். ஓனரம்மா மறுத்துவிட்டார், பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. கணவரின் ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்த்துவிட்டால் அதை வைத்து ஆதாரில் முகவரியை மாற்றலாம், ஆதாரை வைத்து பேங்க்கில், அப்படியே பாஸ்போர்ட் வரைக்கும் போய்விடலாம். ஆனால் ஒருவர் பெயர் இரண்டு கார்டில் இருக்கக் கூடாது. முதலில் அப்பா கார்டிலிருந்து என் பெயரை நீக்க வேண்டும். ஆன்லைனிலேயே செய்துவிடலாம், ஓடிபி மட்டும் குடும்பத் தலைவரின் போனுக்குப் போகும் என்றார் கன்சல்டன்ட். ஐந்து நிமிட வேலை.

அவருக்கு என் அப்பாவைத் தெரியாது.

அப்பா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு போல்ட் வெளியே போவதானாலும் கேட் பாஸ் கேட்டவர். அம்மா போன பிறகு பள்ளிக்கரணை வீட்டில் தனியாக இருக்கிறார், தானே சமைத்துக்கொள்கிறார், யாரையும் எதற்கும் கூப்பிட மாட்டார். கல்யாணமான புதிதிலேயே என் பெயரை நீக்குவது பற்றிக் கேட்டபோது, “இருந்துட்டுப் போகட்டும்மா,” என்று சொல்லிவிட்டார். தலைக்கு இவ்வளவு அரிசி என்று வருகிறதே, அதற்காக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

சேலையூரிலிருந்தே எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு அவருக்கு போன் செய்தேன்.

“அப்பா, ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்க.”

“வந்திருக்கு.”

“சொல்லுங்கப்பா.”

“யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கே.”

“அது திருடனுக்குப்பா. நான் உங்க பொண்ணு.”

“திருடனும் அப்படித்தான் சொல்வானாம். டிவில சொன்னாங்க.”

அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் போன் சார்ஜில் இருந்தது. அதற்கு மறுநாள் கண்ணாடி கிடைக்கவில்லை. அப்புறம் ஒரு நாள், “இன்னைக்கு அஷ்டமிம்மா, வேண்டாமே,” என்றார். சொந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்தையே, லீவு கிடைத்த நாள்தான் நல்ல நாள் என்று நடத்தியவர் இவர்.

நான் கத்துவதைப் பார்த்துவிட்டு என் கணவர் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை கேட்டால் மறுக்க மாட்டார் என்று நம்பிக்கை. “உங்களுக்குச் சொல்லாம வேற யாருக்கு மாப்ள சொல்லப் போறேன்,” என்று அப்பா உருகினார். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை சொன்னார். அது கேஸ் சிலிண்டர் டெலிவரிக்கு வந்த எண்.

கன்சல்டன்ட் தினம் ஒரு மெசேஜ் போட ஆரம்பித்தார். ‘மேடம், டேட் போய்க்கிட்டே இருக்கு.’ எனக்குத் தெரியாதா? பிறந்தது நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோபத்தோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேம்ப் ரோடு தாண்டி, மேடவாக்கத்தில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டதில் குலுங்கி, பள்ளிக்கரணை போய்ச் சேர்வதற்குள் அவரிடம் என்னென்ன கேட்பது என்று பாடம் பண்ணிக்கொண்டேன். அப்பா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். போன் மேஜையில் கிடந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்தேன், எண்ணைப் போட்டேன், ஓடிபி வந்தது, உள்ளே போனேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரையில் குடும்ப உறுப்பினர்கள் என்று மூன்று பெயர் இருந்தது. அப்பா. அம்மா. நான். நீக்க வேண்டிய பெயருக்கு நேரே ஒரு கட்டம், பக்கத்தில் காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தது. திருமணம், இறப்பு என்று அடுத்தடுத்து இருந்தன.

“அம்மா பேரையும் எடுக்கலையாப்பா?” என்றேன்.

அம்மா போய் மூன்று வருடமாகிறது.

“யாரும் கேக்கலையே,” என்றார் வெங்காயத்தைப் பார்த்தபடி.

“கேட்டாதான் எடுக்கணுமா? இது தப்புப்பா. போய்ச் சேர்ந்தவங்க பேர்ல அரிசி வாங்கக் கூடாது.”

“அவ அரிசியை நான் வாங்குறதில்ல. கடைக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடுவேன். உன்னோடதும் வாங்குறதில்ல.”

“அப்புறம் எதுக்கு வச்சிருக்கீங்க?”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “எடுத்துட்டா நான் மட்டும்தாம்மா இருப்பேன்.”

“கார்டுல பேர் இருந்தா ஆள் இருக்கிற மாதிரி ஆயிடுமா?” என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. ஸ்கூட்டரில் வரும்போது பாடம் பண்ணியதில் இது இல்லை.

“ஆகாது,” என்றார்.

அந்தக் கட்டத்தில் ஒரு தடவை விரலை வைத்தால் போதும். வைக்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதைவிட அதிகமாக எரிச்சலாக இருந்தது. இத்தனை மாதம் ஓடியாடிச் சேர்த்ததை ஒரு வார்த்தையில் இந்த மனுஷன் நிறுத்திவிட்டாரே என்று. போனை மேஜையில் வைத்துவிட்டு, அவர் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி வந்தேன். வேறு ஏதாவது ஆவணம் பார்க்கலாம் என்று கணவரிடம் சொன்னேன். வேறு ஆவணம் இல்லை என்று இருவருக்கும் தெரியும். அன்றைக்குச் சண்டைகூடப் போடவில்லை. ஓனரம்மா கீழிருந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டு அனுப்பினார்.

வியாழக்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், மதியம் வாசலில் அப்பா நின்றார். சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவர் அல்ல. வெயிலில் பஸ் ஏறி வந்திருந்தார், சட்டையெல்லாம் நனைந்திருந்தது, கையில் பிளாஸ்டிக் ஃபைல். தண்ணீர் குடித்துவிட்டு அதிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“தாலுகா ஆபீஸ் நேர்லயே போயிட்டேன். காலைல இருந்து கியூ. இது உன்னோடது.”

என் பெயர் நீக்கப்பட்டதற்கான சான்று. காரணம்: திருமணம். இன்னொன்றை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் பெயர்.

“அம்மாவோடது எதுக்குப்பா? அதை நான் கேக்கலையே.”

“கேக்கலை. நீ சொன்னது சரிதானே,” என்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “முதல்ல உன் பேரை மட்டும்தான் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் யோசிச்சேன். தனித்தனியா ஒவ்வொருத்தரையா அனுப்ப நம்மால முடியாதும்மா. ரெண்டு பேரும் ஒண்ணாவே கிளம்பட்டும்னு எழுதிக் கொடுத்துட்டேன்.”

நான் அழுதேன். அவர் அதைக் கவனிக்காதவர் போல ஃபைலை மூடி ரப்பர் பேண்ட் போட்டார்.

“பாயிண்ட்டெல்லாம் இப்ப சரியா வந்துடும்ல? பிறந்தநாளுக்குள்ள போயிடும்ல?”

“போயிடும்ப்பா.”

“அப்ப சரி.”

காபி குடித்தார். கிளம்பும்போது ஏதோ ஞாபகம் வந்தவராகப் போனை எடுத்துத் திறந்து என்னிடம் நீட்டினார். அவருடைய கார்டு, திருத்திய விவரங்களோடு. மேலே அவர் படம், படத்துக்குக் கீழே அவர் பெயர். உறுப்பினர்கள் இருக்கிற இடத்திலும் அதே பெயர், ஒரே வரி.

“பாரு, இப்பவும் குடும்பத் தலைவர்னுதான் போட்டிருக்கான்,” என்று சிரித்தார்.

யாருக்குத் தலைவர் என்று கேட்கிற வாய்தான் எனக்கு. அன்றைக்குக் கேட்கவில்லை.