திமிங்கிலம் எழுந்த பக்கம்

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, கற்பிட்டிக் கடலில் திமிங்கிலங்களின் சத்தத்தை ஆராயும் குழுவில் நானும் என் கணவரும் சேர்ந்தோம். இருவரும் ஒன்றாகப் படித்த பொறியியலாளர்கள். தில்லையடியில் அவருடைய உம்மாவின் வீட்டில் இருந்தோம்.

கடலுக்குள் இறக்கிய ஒலிவாங்கிகளில் விழும் சத்தத்தை அந்தக் கணமே பிரித்து, திமிங்கிலம் எந்தப் பக்கம் என்று காட்டும் புரோகிராம் தேவைப்பட்டது. நான் ஒன்று எழுதினேன், அவர் ஒன்று எழுதினார்.

சோதனை நாளில் படகின் எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டையும் ஓடவிட்டோம். ஆணி அடிப்பது போல டக், டக் என்று திமிங்கிலத்தின் சத்தம் கேட்டது. அவருடைய திரை உடனே திசையைக் காட்டியது. என்னுடையது தூரத்துப் படகுகளின் இரைச்சலைச் சுத்தமாக வடிகட்டி, மிகச் சரியாகக் காட்டியது. ஆனால் அதற்குள் திமிங்கிலம் அந்த இடத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

“உங்கட கணக்கு திறம்,” என்றார் குழுவை நடத்திய பேராசிரியை. “ஆனா எங்களுக்கு இப்பவே தெரிய வேணும்.”

என் கணவர் தன் புரோகிராமோடு கடலுக்குப் போனார். நான் கரையில் இருந்து பழைய ஒலிப்பதிவுகளை அலசினேன்.

மாமி வருகிறவர்களிடமெல்லாம், “என்ட மகன் மீன்ட கதையைக் கேட்டுச் சொல்ற மெசின் செஞ்சிருக்கான்,” என்பார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். வெயிலில் கறுத்து, உப்பு வாசத்தோடு அவர் திரும்பும்போது அந்தக் கறுப்பின் மீதுகூட எனக்குப் பொறாமை வந்தது. “கோவமா புள்ள?” என்று கேட்பார். இல்லை என்பேன்.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். பதிலாக நான் போனேன், அவருடைய புரோகிராமோடு. அது வலப்பக்கம் என்றது. படகை மெல்ல அங்கே விட்டோம். டக், டக் சத்தம் நின்றது; மேலே வரும் முன் திமிங்கிலம் அப்படித்தான் அடங்கும். காத்திருந்தோம். படகுக்குக் கொஞ்சத் தூரத்தில் தண்ணீர் பிளந்து, கரிய முதுகொன்று எழுந்து மூச்சை விசிறியது. எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். என் கண்ணில் நீர் வந்தது. இது என்னுடையதாக இருந்திருக்கலாமே என்ற எண்ணமும் அதோடேயே வந்தது.

நான் வீட்டுக்கு வந்ததும் அவர் போர்வைக்குள்ளிருந்து கேட்டார்.

“வந்திச்சா?”

“ஓம் மச்சான்.”

“எந்தப் பக்கம்?”

“உங்கடது சொன்ன பக்கந்தான்.”

காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. “கஞ்சி ஆறுது, குடிங்க,” என்றேன்.

அன்றிரவே என் புரோகிராமைத் திறந்து, அது வேகமாக ஓட எந்தக் கணக்கைக் குறைக்கலாம் என்று தேடத் தொடங்கினேன்.