கொரில்லா மலையில் இருமியவன்

இருமியவன் நான். என் மனைவி அல்ல.

இவ்வளவுதான் குற்றம். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாலு பேரைச் சிரிக்க வைத்தே பெயர் வாங்கியவன் நான். இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடியவில்லை...

எழுபதுகளின் நடுவில், விடுமுறை கிடைத்தால் மெல்பேர்ன் தமிழர் யாழ்ப்பாணம் போவார்கள். நாங்கள் ஆப்பிரிக்காவில், இப்போது கொங்கோ என்கிற ஸயீர் நாட்டு மலைக்காட்டுக்குப் போனோம். மனித வாடைக்குப் பழகிய கொரில்லாக் குடும்பமொன்று அங்கே இருப்பதாகச் சஞ்சிகையில் படித்தவள் பவானி. ஊரில் விலங்கியல் படிப்பித்தவள். மெல்பேர்னில் நாங்கள் குடியிருந்த நோபல் பார்க்கில் அந்தப் படிப்பை யாரும் கேட்கவில்லை. தொழிற்சாலையில் பிஸ்கட் அடுக்கினாள். மணமான நாள் முதல் என்னிடம் அவள் கேட்டது அந்த ஒரு மலையைத்தான். எனக்கோ கதிரையை விட்டு எழும்புவதே மலையேற்றம்!

மலையடிக் குடிசையில் இரவு முழுக்க எனக்கு இருமல். களைத்துப்போன பவானி அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். விடிந்ததும் வழிகாட்டி வாசலில் வந்து நின்றான். உள்ளே இருமியது யார் என்று கேட்டான். இருமுகிறவர் மேலே வரக்கூடாதாம். நம்முடைய சளி கொரில்லாக்களுக்குத் தொற்றினால் குட்டிகள் பிழைக்காதாம்.

பவானி ஓடையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மனைவி" என்றேன்.

ஏன் சொன்னேன்? எத்தனையோ தரம் என்னையே கேட்டுவிட்டேன். கௌரவமான விடை கிடைக்கவில்லை. அந்தக் குடிசையில் ஒரு பகல் தனியே குந்தியிருக்கப் பயந்தேன்... வேறொன்றுமில்லை!

"நானோ? எனக்கு ஒரு இருமலும் இல்லையே!" என்றாள், ஓடையிலிருந்து வந்து விஷயம் கேட்ட பவானி.

"நித்திரையில இருமினா உமக்கு எப்பிடித் தெரியும்?"

தொண்டையைத் தடவிப் பார்த்தாள். நம்பிவிட்டாள்! பிறகு தன் கம்பளிச் சால்வையை என் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

"மேல குளிரும். எனக்கும் சேர்த்து வடிவாப் பார்த்திட்டு வாங்கோ."

பார்த்தேன். மூங்கில்களுக்கு நடுவே முதுகு வெளுத்த தகப்பன். அவன்மேல் சாய்ந்தபடி தாய்மார். ஒருத்தியின் வயிற்றில் சறுக்கி விளையாடும் குட்டி. அங்கே எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள், என்னைத் தவிர!

குட்டி என்னை நோக்கித் தத்தித் தத்தி வந்தது. நெஞ்சுக்குள் இருமல் முட்டியது. அவளுடைய சால்வையை வாயில் அடைத்துக்கொண்டேன். அடங்கவில்லை... இருமிவிட்டேன்.

தகப்பன் திரும்பிப் பார்த்தான். வழிகாட்டியும் பார்த்தான். என் கையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்து விட்டுவிட்டு, பவானி பக்கம் திரும்பாமலே போய்விட்டான். அந்தக் குட்டி பிறகு என்ன ஆனதோ... எனக்குத் தெரியாது.

நோபல் பார்க் திரும்பினோம். வீட்டுக்கு வருகிறவர்கள், "அண்ணை, கொரில்லாக் கதையை எடுத்துவிடுங்கோ!" என்பார்கள். நெஞ்சில் அறைந்து நடித்துக் காட்டுவேன். பவானி குசினி வாசலில் நின்று சிரிப்பாள். "நான் இருமினபடியால்தானே இவர் பாவம், தனியப் போகவேண்டி வந்தது" என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்வாள்.

அதோடு போகவில்லை. "உங்கட நித்திரையைக் குழப்பக்கூடாது" என்று படுக்கையைப் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டாள். குளிர்காலம் தொடங்கினால் கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறாள், இல்லாத இருமலுக்கு! ஒரு பகல் தனிமைக்குப் பயந்தவன் அல்லவா நான்...

சொல்லிவிடலாம் என்று அவள் கதவுவரை பலமுறை போயிருக்கிறேன். திட்டுவாள் என்ற பயமில்லை. மன்னித்துவிடுவாள்... பிறகு அந்த மலையை அவளுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

திரும்பி வந்து படுக்கிறேன். சுவரில் காதை வைத்துக்கொள்கிறேன். ஒரேயொரு தரம் அவள் நித்திரையில் இருமிவிட்டால் போதும், நான் சொன்னது பாதியாவது உண்மையாகிவிடும்...

அவள் இன்னும் இருமவில்லை.