கேமராவைத் திருப்பத் தெரிந்தவள்

என் ஓரகத்தி சத்யப்பிரியாவைப் பற்றி ஊரே நல்லதாகச் சொல்லும். நான் சொல்லமாட்டேன். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து நெல்லிக்குப்பத்துக்கு வந்தவள், பன்னிரண்டாவது படித்தவள். நான் ரத்தினம்மாள், இந்த வீட்டு மூத்த மருமகள், ஐந்தாவதோடு நின்றவள்.

இரண்டு பேருக்கும் சர்க்கரை. கடலூர் டாக்டரம்மா பதினைந்து நாளைக்கு ஒருதரம் போனில் முகம் பார்த்துப் பேசுவார். சத்யா போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து, நோட்டில் எழுதி வைத்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பாள். ஒருநாள் எவனோ கூப்பிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாக ஓடிபி கேட்டான். "எங்க டாக்டரம்மா அதெல்லாம் கேக்க மாட்டாங்க, வைங்க போன" என்றாள். இதை என் வீட்டுக்காரர் மில்லில் பத்துப் பேரிடம் பெருமையடித்தார். எனக்கு வயிறு எரிந்தது. என்னைப் பற்றி ஒருநாளாவது மில்லில் பேசியிருப்பாரா இந்த மனுஷன்?

போனில் அவளை ஜெயிக்க முடியாது. சர்க்கரையில் ஜெயிக்கக் கிளம்பினேன். விரலில் குத்திப் பார்க்கும் நாளுக்கு முந்தின இரண்டு ராத்திரியும் சோற்றைத் தொடமாட்டேன். மற்ற நாளில் ஒரு கட்டு கட்டுவேன். அவளுக்கு நூற்று நாற்பது, எனக்கு நூற்றுப் பத்து. இரண்டு மாதம் இப்படியே காட்டியதில் டாக்டரம்மா என் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். சத்யா முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம்தான் வலது கால் பெருவிரலில் கரும்புக் கட்டை குத்தியது. புண் ஆறவில்லை. மூன்று வாரத்தில் கறுத்து நாறியது. அடுத்த தெரு இருசம்மாளுக்கு இப்படி ஆரம்பித்துத்தான் கால் முழங்காலோடு போனது. தெரிந்தும் துணியைச் சுற்றி மறைத்தேன். சொன்னால் என் நூற்றுப் பத்து பொய் என்று சத்யாவுக்குத் தெரிந்துவிடுமே.

அடுத்த செவ்வாய்க்கிழமை, டாக்டரம்மாவிடம் போனில் பேசும் தன் முறை முடிந்து எழுந்த சத்யா என் காலைப் பார்த்தாள்.

"அக்கா, நான் தோட்டத்துக்குப் போறேன். கதவ சாத்திக்குங்க. டாக்டரம்மாகிட்ட தனியா பேசுங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"யாரும் இல்லம்மா." சொன்னதும் அழுகை வந்தது. பட்டினி கிடந்ததையும் புண்ணையும் சொல்லிவிட்டேன்.

"கால காட்டுங்க."

போனில் என் மூஞ்சிதான் தெரிந்தது. காலைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொண்டது. எதையோ அமுக்கினேன். "நீங்க பேசறது கேக்கல" என்றார். அவளைக் கூப்பிட்டால் நான் தோற்றேன். கூப்பிடாவிட்டால் கால் போகும். கதவைத் திறந்து கூப்பிட்டேன்.

வந்தாள். ஒரே அமுக்கில் கேமராவைத் திருப்பினாள். என் காலை மடியில் தூக்கி வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். மூக்கைக்கூடப் பொத்தவில்லை.

"இன்னைக்கே கடலூர் கூட்டிட்டு வாங்க. இது போன்ல பாக்கற புண்ணு இல்ல" என்றார் டாக்டரம்மா.

விரலில் பாதி போனது. கால் தப்பியது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சத்யாவின் கையைப் பிடித்து, "நல்லவேள, தெளிவா காட்டினீங்க" என்றார். வெட்டுப்பட்டது என் விரல், பேர் அவளுக்கு.

கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாகக் கேமராவைத் திருப்பக் கற்றுக்கொண்டேன், அவளிடமேதான். அவளுக்கு ஒன்றும் வரக்கூடாது. வந்தால், அவள் காலை மடியில் வைத்து நான்தான் காட்டுவேன்.