முன்வாசலில் நில்லும், பிள்ளை

ஒரு பெண்ணின் வீடு என்னால் போனது. அதைவிடக் கேவலம், அது தன் பிழை என்று அவள் இன்றுவரை நம்புகிறாள். நம்பவைத்தவன் நான்!

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞனாக இருந்தவன். லண்டனில் எனக்கு பெட்ரோல் நிலையத்தில் வேலை. ஆனாலும் மோர்டனில் எங்கள் சனத்தில் யாருக்காவது கோர்ட் கடிதம் வந்தால் என்னைத்தான் தேடி வருவார்கள். அந்த மதிப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

சுபாவும் அப்படித்தான் வந்தாள். துணைக்கு யாருமில்லை, மூச்சிழுப்பு நோயுள்ள ஒரு சின்ன மகள் மட்டும். சுவரெல்லாம் பூஞ்சணம் என்று கவுன்சிலுக்கு முறைப்பாடு செய்ததற்காக வீட்டுக்காரர் அவளை வீட்டை விட்டு எழுப்பக் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். சுவரின் படங்கள், டாக்டரின் கடிதம், எல்லாம் அவளிடம் இருந்தன. கோர்ட்டுக்கு உள்ளே போய்க் காட்டினால் போதும்.

“எங்கை நிக்கிறது அண்ணை?” என்று போனில் கேட்டாள்.

“தூண் வைச்ச முன்வாசலிலை நில்லும் பிள்ளை. பேர் சொல்லிக் கூப்பிடுவினம். போனை நிப்பாட்டி வையும், கோர்ட் வளவெல்லோ!”

ஊரில் அப்படித்தான். வளவு மரநிழலில் சனம் நிற்கும். வாசலுக்கு வந்து ஒருவர் பெயரை உரத்துக் கூப்பிடுவார். ஆனால் இங்கே அந்தச் சின்ன நீதிமன்றத்துக்குள் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை! பஸ்ஸில் போகும்போது பார்த்ததுதான்... செங்கற் சுவர், நான்கு வெள்ளைத் தூண்கள், அகன்ற படிகள், முன்னால் புல்தரை. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வழக்கு நாளன்று காலை பஸ் பின்தெருவில் இறக்கிவிட, நான் அந்தப் பக்கத்தாலேயே போனேன். கார் தரிப்பிடத்தைத் தாண்டி ஒரு கண்ணாடிக் கதவு. அதுதான் இப்போதைய வாசல். பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். தூண் வைத்த வாசல் பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறதாம்.

மாடியில் காத்திருப்பு அறை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்... கீழே தூண் வாசலில் சுபா நின்றாள். ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி, பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டு, தன் பெயருக்காகக் காத்து நின்றாள்!

இறங்கி ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை? நான் சொன்ன வாசல் பிழை என்று அவளிடம் ஒத்துக்கொள்ள வேண்டுமே... கதவு திறக்காவிட்டால் தானே சுற்றி வருவாள், நான் ஒன்றும் தெரியாதவன்போல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். சீ, நானும் ஒரு மனிதனா!

ஊழியர் ஒருத்தி வந்து தாழ்ந்த குரலில் சுபாவின் பெயரைச் சொல்லி விசாரித்தாள். இன்னும் வரவில்லை என்றேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன்.

சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. அவள் இல்லாததால் வீட்டுக்காரரின் பேச்சே எடுபட்டது. வீட்டை விடும்படி உத்தரவு!

கீழே போனேன். “கூப்பிட்டவையே அண்ணை? எனக்குக் கேக்கேல்லையே!” என்று பதறினாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்... நான் சொன்னது இதுதான்: “எத்தினை தரம் கூப்பிட்டவை! காதை எங்கை வைச்சிருந்தனீர்?”

மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கேட்க ஏலாதா என்று அழுதாள். கேட்டால் என் பொய் வெளிவரும். பிரயோசனமில்லை என்று தடுத்துவிட்டேன்.

இப்போது அவள் லண்டனின் மறுகோடியில், பார்க்கிங் என்ற ஊரில், ஒற்றை அறையில், பிள்ளையோடு. அந்தச் சிறுமிக்கு இழுப்பு இன்னும் நிற்கவில்லை.

போன கிழமை போன் எடுத்தாள். “காதைச் சோதிச்சுப் பாத்தவை அண்ணை. ஒரு குறையும் இல்லையாம். அப்ப நான் எதை யோசிச்சுக்கொண்டு நிண்டனோ தெரியேல்லை... அண்டைக்கு உங்களையும் வெக்கப்படுத்திப் போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“பரவாயில்லை, பிள்ளை” என்றேன்.

கேட்டீர்களா? நான் அவளை மன்னித்துவிட்டேன்!